பாட்டு காதில் விழுகிறது, மெட்டு மட்டும் தெரியவில்லை

வாசகர் கேள்வி – மூளை நரம்பியல் மருத்துவரின் பதில்

வியாசர்பாடியிலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறோம்.

அவருடைய அப்பாவுக்கு 58 வயது. பகலில் துறைமுகம் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, இரவில் கானா. முப்பது வருடங்களுக்கு மேல் சாவு வீடுகளிலும் பதினாறாம் நாள் காரியங்களிலும் கல்யாண வீடுகளிலும் பாடியவர். டோலக் வாசிப்பார், பாட்டும் சொந்தமாகக் கட்டுவார். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் அவருடைய இடது கை துவண்டு வாய் கோணியிருக்கிறது. ராத்திரி கச்சேரிக்குப் போய்வந்த அசதி என்று நினைத்து மதியம் வரை படுக்கவைத்துவிட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததில் மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருப்பது தெரிந்தது. பத்து நாள் அட்மிட். இப்போது நடக்கிறார். பேச்சு தெளிவாக இருக்கிறது. இடது கைப் பிடியில் மட்டும் பலம் குறைவு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறொன்று தெரிந்தது. ரேடியோ போட்டால், "இன்னாம்மா இது, சட்டி பானைய உருட்டுறா மாரி கீது, நிறுத்து" என்கிறார். அவரே பாடிய பாட்டை செல்போனில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆரம்ப மெட்டு ஓடும்போது யாரோ பாட்டு போல உட்கார்ந்திருந்தவர், முதல் வரி வந்ததும் "இது நான் கட்டுனதாச்சே" என்றாராம். வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறார் என்கிறான் தம்பி. ஒரு காது மெஷின் கடையில் இரண்டு காதுக்கும் சேர்த்து 80,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு கேட்டால் மூளை சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்து, தினமும் மூன்று மணி நேரம் ஹெட்போன் மாட்டிவிடுகிறார்கள். அவர் பிடுங்கி எறிகிறார். போன வாரம் முதல் டூ வீலரையும் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கடிதத்தின் கடைசி வரி இது: "அம்மா அழுதாலும் நான் கத்துனாலும் நைனா சும்மா பாத்துகினு கீறாரு. எங்க மேல பாசமே போயிடுச்சா டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள். வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள். ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் அப்பா நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சின்ன சம்பவத்திலேயே அதற்கு அடையாளம் இருக்கிறது. மெட்டு மட்டும் ஓடும்போது தெரியாத பாட்டு, வார்த்தை வந்த நொடியில் தெரிந்துவிட்டது. நடிக்கிறவர் மொத்தமாகத் தெரியாது என்று சொல்லிவிடுவார். வார்த்தை தெரியும், ராகம் தெரியாது என்று இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து நடிக்க, இப்படி ஒரு கோளாறு இருப்பதே முதலில் தெரிந்திருக்க வேண்டும். சட்டி பானை உருட்டுகிற மாதிரி என்று அவர் சொன்னதும் இந்தக் கோளாறு உள்ளவர்கள் பல நாடுகளில் பல மொழிகளில் சொல்லும் வர்ணனைதான். இதை அமியூசியா என்கிறோம். 1888இல் ஜெர்மன் மருத்துவர் ஆகஸ்ட் நோப்லாக் வைத்த பெயர். உங்கள் தம்பியிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். முப்பது வருடம் பாடிய மனுஷனைப் பார்த்து, பாட்டு தெரியாதது போல நடிக்கிறாய் என்று சொல்வது எவ்வளவு பெரிய காயம் என்று தம்பிக்குப் புரியும்.

நானே அவரைப் பரிசோதிக்காததால் இதுதான் என்று முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் வலப்பக்க மூளை அடைப்பு, தெளிவான பேச்சு, தொலைந்த மெட்டு, மற்றவர் குரலில் இருக்கும் கோபமும் அழுகையும் பிடிபடாமல் போவது, இந்த நான்கும் சேர்ந்து நிற்கும்போது வேறு பக்கம் தேடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

காதுக்கும் பாட்டுக்கும் நடுவில்

சத்தத்தை வாங்குவது காது. அதைப் பாட்டாக ஆக்குவது மூளை. இரண்டு காதிலிருந்தும் போகும் நரம்புச் செய்தி, காதுக்கு நேர் உள்ளே இருக்கும் டெம்பொரல் மடலுக்குப் போகிறது. அங்கே வேலை பிரிகிறது. வார்த்தை, எழுத்து, 'க'வா 'ப'வா என்கிற வேகமான வித்தியாசங்களைப் பெரும்பாலும் இடப்பக்கம் பார்த்துக்கொள்கிறது. சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு ஏறுகிறது என்பதில் வலப்பக்கத்துக்குப் பங்கு அதிகம். இதற்கு மேல், வாழ்நாளில் கேட்ட மெட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு ஞாபகக் கிடங்கும் இருக்கிறது. வார்த்தைக்கான கிடங்கு வேறு. கானா வரி ஒரு வழியாகவும் கானா மெட்டு இன்னொரு வழியாகவும் உள்ளே போகின்றன. உங்கள் அப்பாவுக்கு ஒரு வழி அடைபட்டிருக்கிறது, இன்னொன்று திறந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. விஸ்ஸாரியோன் ஷெபாலின் என்ற ரஷ்ய இசையமைப்பாளருக்கு 1953இலும் 1959இலும் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு, பேச்சும் பிறர் பேசுவதைப் புரிந்துகொள்வதும் மிக மோசமாகக் குலைந்தன. ஆனால் 1963இல் இறக்கும் வரை இசை எழுதிக்கொண்டே இருந்தார். லூரியா என்ற நரம்பியல் அறிஞரும் சக ஆய்வாளர்களும் 1965இல் அவரைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஷெபாலினுக்குப் பேச்சு போய் இசை நின்றது. உங்கள் அப்பாவுக்குப் பேச்சு நின்று இசை போயிருக்கிறது.

இது அபூர்வமான வியாதி என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். மூளையின் நடு ரத்தக்குழாயில் பக்கவாதம் வந்தவர்களை ஃபின்லாந்தில் பரிசோதித்தபோது, முதல் வாரத்தில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் குறை இருந்தது. மூன்று மாதம் கழித்தும் ஐந்தில் இருவருக்கு இருந்தது. நம் ஊரில் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதில்லை. கை தூக்குங்கள், நாக்கை நீட்டுங்கள் என்று கேட்கிறோம். பாட்டு கேட்க நன்றாக இருக்கிறதா என்று வார்டில் யார் கேட்கிறார்கள்? பாடகர் என்பதால்தான் உங்கள் வீட்டில் இது தெரிய வந்தது.

வீட்டிலேயே கவனித்து எழுதி வாருங்கள்

மெட்டு தொலைவதில் மூன்று வகை உண்டு. ஒன்று, சுருதி ஏறி இறங்குவதே பிடிபடாமல் போவது. இரண்டு, ஏற்ற இறக்கம் கேட்கும், ஆனால் தெரிந்த மெட்டு என்ற உணர்வு வராது. மூன்று, என்ன பாட்டு என்று தெரியும், கேட்டதும் வரும் இன்பம் மட்டும் வராது. மூன்றாவது வகை அமியூசியாவில் சேராது, அதற்கு மனச்சோர்வும் காரணமாக இருக்கலாம். உங்கள் அப்பா முதல் இரண்டில் எங்கோ இருக்கிறார் என்று தோன்றுகிறது. இதை அளக்க மான்ட்ரியலில் இசபெல் பெரெட்ஸ் குழுவினர் உருவாக்கிய ஆறு பகுதிச் சோதனை இருக்கிறது. ஆனால் அதில் வருவது மேற்கத்திய மெட்டுகள். நம் ஆட்களுக்கு அப்படியே பொருந்தாது. அதனால் டாக்டரிடம் போகும் முன் நீங்களே கீழே உள்ளதைச் செய்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் சாப்பிட்ட பிறகு, டி.வி.யும் மிக்சியும் ஓடாத நேரத்தில், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

தெரிந்த மெட்டு: அவருக்கு நிச்சயம் தெரிந்த பத்து பாட்டும், கேட்டிருக்கவே வாய்ப்பில்லாத பத்து மெட்டும் எடுங்கள். வார்த்தை இல்லாமல் 'ல ல லா' என்று ஒவ்வொன்றையும் அரை நிமிடம் மாற்றி மாற்றிப் பாடுங்கள். பாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். "தெரிஞ்சதா, தெரியாததா?" என்பது மட்டும்தான் கேள்வி. குத்துமதிப்பாகச் சொன்னாலே 20இல் சுமார் 10 சரியாக வந்துவிடும். அதனால் 10, 11 என்பது தெரியவில்லை என்றே அர்த்தம். 17, 18 வந்தால் கிடங்கு பத்திரமாக இருக்கிறது.

ஒரு சுருதி மாற்றம்: செல்போன் கீபோர்டில் ஐந்து சுருதி கொண்ட ஒரு துண்டை வாசியுங்கள். மறுபடி அதையே வாசியுங்கள், அல்லது நடுவில் ஒரே ஒரு கட்டையை மாற்றி வாசியுங்கள். இரண்டும் ஒன்றா வேறா என்று கேளுங்கள். 20 ஜோடி. திரையை அவர் பார்க்கக் கூடாது.

தாளம்: இதையே மேஜையில் பென்சிலால் தட்டிச் செய்யுங்கள். உங்கள் கை அவர் கண்ணில் படக் கூடாது. டோலக் வாசித்தவர், கை அசைவைப் பார்த்தே தாளத்தைச் சொல்லிவிடுவார்.

வீட்டுச் சத்தங்கள்: குக்கர் விசில், மிக்சி, ஆட்டோ ஹாரன், கூட்ஸ் ரயில், குழந்தை அழுகை, தண்ணீர்க் குழாய். அவர் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி என்ன சத்தம் என்று கேளுங்கள். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்.

குரல்: துண்டால் உங்கள் முகத்தை மறைத்துக்கொண்டு "சாப்டியா நைனா" என்ற ஒரே வார்த்தையைக் கோபமாக, ஆசையாக, அழுகிற மாதிரி, சும்மா சாதாரணமாக என்று நான்கு விதமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு விதமும் ஐந்து முறை, வரிசையைக் கலைத்து. எந்த மனநிலையில் சொன்னீர்கள் என்று கேளுங்கள். இந்த ஐந்தில் எனக்கு மிக முக்கியமான சோதனை இதுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் கொள்ளாமல் கவனியுங்கள். சாப்பிடும்போது தட்டின் இடது பாதியில் இட்லி அப்படியே மிஞ்சுகிறதா? வலது பக்கத்தைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, போதும் என்று எழுந்திருக்கிறாரா? இடது தோள் கதவு நிலையில் இடிக்கிறதா? மீசை வழிக்கும்போது இடப்பக்கம் விட்டுப்போகிறதா? இருந்தால் அவருடைய மூளை இடப்பக்க உலகத்தைக் கவனிக்கத் தவறுகிறது. கண் நன்றாகவே பார்க்கும், கவனம்தான் அங்கே போவதில்லை. வலப்பக்க பாதிப்பில் அமியூசியாவோடு இதுவும் சேர்ந்து வருவது அடிக்கடி நடக்கிறது. வண்டிச் சாவியை வாங்கச் சொன்னது இதனால்தான். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் கண்டெய்னர் டிரைலர் இடப்பக்கம் ஒட்டி வரும்போது, ஹாரன் எந்தத் திசை என்று தெரியாமல், அந்தப் பக்கம் பார்க்கவும் தோன்றாமல், பலமில்லாத இடது கையால் கிளட்ச் பிடித்து ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. டாக்டர் பரிசோதித்து எழுத்தில் சரி என்று சொல்லும் வரை வண்டி வேண்டாம். உங்களோடு நடந்து வரும்போது அவருக்கு இடப்பக்கத்தில் நீங்கள் நடங்கள்.

காது மெஷின், மாத்திரை, பாட்டு வைத்தியம்

80,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும், மெட்டைத் திருப்பித் தராது. சுருதி பிரியாத மூளைக்குப் பெரிய சத்தம் என்றால் பெரிய சட்டி பானை, அவ்வளவுதான். ஆனாலும் காதைப் பார்க்காமல் விடக் கூடாது. 58 வயது, அதிலும் பாதி வாழ்க்கை ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நின்றவர். இ.என்.டி. பிரிவில் ஆடியோகிராம் எடுங்கள். அதில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எத்தனை டெசிபலில் கேட்கிறது என்று கோடு போட்டுத் தருவார்கள். 25 டெசிபலுக்குள் இருந்தால் பெரியவர்களுக்கு இயல்பு. கூடவே, சொன்ன வார்த்தைகளில் எத்தனை சதவீதம் சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்ற பேச்சுப் புரிதல் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். மேல் சுருதிகளில் உண்மையிலேயே குறை இருந்தால் மெஷின் பேச்சுக்கு உதவும். அப்போதுகூடச் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நீங்கள் பார்த்த வீடியோ முழுப் பொய் இல்லை. ஹெல்சின்கியில் 2008இல் வெளியான ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஒரு குழுவினர் தாங்களே விரும்பித் தேர்ந்த பாட்டை இரண்டு மாதம், நாளைக்கு ஒரு மணி நேரமாவது கேட்டார்கள். வார்த்தை ஞாபகமும் கவனமும் மற்றக் குழுக்களைவிட நன்றாகத் தேறின, மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் விரும்பிக் கேட்ட பாட்டு அது. உங்கள் அப்பா காதில் விழுவது பாட்டே இல்லை, இரைச்சல். மூன்று மணி நேரம் இரைச்சலைக் காதில் மாட்டிவிட்டால் யாரானாலும் பிடுங்கித்தான் எறிவார்கள். அதே போல, பாடவைத்துப் பேச்சைத் திருப்பும் ஒரு முறையும் உண்டு. 1973இல் பாஸ்டனில் தொடங்கியது. அது இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சு போனவர்களுக்கு. உங்கள் அப்பாவுக்குப் பேச்சு போகவில்லை, அதனால் அது அவருக்குத் தேவையில்லை.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. மூளை தானாகத் தேறுவது முதல் மூன்று மாதத்தில் அதிகம், ஆறாம் மாதம் வரை மெதுவாக, அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக. ஐந்தாம் மாதத்தில் இருக்கிறீர்கள். பழையபடி முழுசாக வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இனி வரவே வராது என்று சொல்வதும் தவறு. இடையில் செய்யக்கூடிய பயிற்சி இது: நாளைக்கு இரண்டு வேளை, ஒரு வேளைக்கு 15 நிமிடம். ஒரே ஒரு பாட்டு, அவர் கட்டிய பாட்டாகவே இருக்கட்டும். முதலில் மெட்டு இல்லாமல் வரியைத் தாளத்தோடு சொல்லட்டும், வலது கையால் தொடையில் தட்டிக்கொண்டு. நான்கைந்து நாள் கழித்து நீங்கள் மெதுவாகப் பாடுங்கள். ஒரே குரல், பின்னணி வாத்தியம் வேண்டாம். சுருதி ஏறும்போது உங்கள் கையைக் கண்ணுக்குத் தெரியும்படி மேலே தூக்குங்கள், இறங்கும்போது இறக்குங்கள். காது தவறவிடுவதைக் கண் பிடித்துக்கொடுக்கும். அது பழகிய பிறகு வரியில் ஒரு வார்த்தையை மட்டும் விட்டு 'ல ல' என்று பாடுங்கள். முகம் சுளித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். இந்தப் பயிற்சிக்குப் பெரிய ஆய்வுகளின் ஆதரவு இல்லை. மற்ற மூளைப் பயிற்சிகளின் வழியில் வந்தது, செலவில்லை, கெடுதலும் இல்லை.

சொல்லிவிட வேண்டிய ஒன்று: பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம் என்ற பேச்சு வந்தால் தாமதிக்காதீர்கள். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

எங்கே போவது, என்ன கேட்பது

உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல், இ.என்.டி., பிசியோதெரபி எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் பிலிம், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், நீங்கள் எழுதிய நோட்டு, நான்கும் கையில் இருக்கட்டும். "பாட்டு பிடிக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்தால் கூட்டத்தில் எடுபடாது. "வலது மூளை ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மெட்டு தெரியவில்லை, குரலில் கோபம் அழுகை தெரியவில்லை, தட்டின் இடப்பக்கம் விட்டுவிடுகிறார்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். எந்த டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பார். அடைப்பு எந்தப் பகுதியில், எம்.ஆர்.ஐ. தேவையா, இடப்பக்கக் கவனக்குறைவு இருக்கிறதா, வலிப்புக்கு அறிகுறி உண்டா என்று கேளுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடம் வெறித்துப் பார்ப்பது, வாயைச் சப்புக்கொட்டுவது, இல்லாத பாட்டு திடீரென்று கேட்பது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் ஒரு நாள்கூட விடக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. மாவா, பீடி, சாராயம் எதுவும் கூடாது. மறுபடி வாய் கோணல், கை துவளல், பேச்சுக் குழறல் வந்தால் படுக்கவைக்காமல் 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. அந்த நேரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள். போன முறை தாமதமானதற்காக உங்களையே நொந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். தூங்கி எழுந்தபோது வரும் பக்கவாதத்தை அசதி என்று நினைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஊனச் சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. மெட்டு தெரியாமை என்று தனி வகை இல்லை. இடது கைப் பலவீனத்தை வைத்து விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். ஆறு மாதம் முடிந்து நிலைமை ஒரு இடத்தில் நின்ற பிறகு போங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் உறுப்பினரா என்று பாருங்கள். அட்டை காலாவதியாகியிருந்தால் புதுப்பியுங்கள். இல்லாவிட்டால், பழைய கச்சேரி நோட்டீஸ், போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள். கலைஞர் என்று காட்ட அவை உதவும்.

திரும்பவும் பாடுவாரா?

முன்வரிசையில் நின்று பாடுவது இப்போதைக்கு வேண்டாம். தன் குரல் சுருதி விலகுவதை அவரால் கேட்க முடியாது, கேட்பவர் முகம் மாறுவதை மட்டும் பார்ப்பார். விடிய விடிய நடக்கும் கச்சேரியும் கூடாது. தூக்கம் போகும், மாத்திரை நேரம் தவறும், பிரஷர் ஏறும்.

ஆனால் தாளச் சோதனையில் அவர் நன்றாக வந்தால் கதை வேறு. மெட்டும் தாளமும் மூளையில் தனித்தனியாக உடையக்கூடியவை. மெட்டு போன பலருக்குத் தாளம் மிஞ்சுகிறது. டோலக்கில் இடது கைப் பக்கம் இப்போது வராது என்றால் வலது கையால் சட்டியில் தாளம் பிடிக்கட்டும், வீட்டு வாசலில், பகலில், பழைய தோஸ்துகள் இரண்டு பேரோடு. அரை மணி நேரம் போதும்.

அதைவிட முக்கியம், அவர் பாட்டு கட்டுகிறவர். கானாவின் உயிர் வரியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். செத்தவருடைய பேரும் தெருவும் தொழிலும் குணமும் சேர்த்து, எதுகை தட்டாமல் அந்த இடத்திலேயே கட்டுவது சாதாரண வேலை இல்லை. அந்த வேலையைச் செய்யும் இடம் அவர் மூளையில் சேதப்படவில்லை என்றே தோன்றுகிறது. அவர் வரி சொல்ல, குழுவில் இளசு ஒருவர் மெட்டுப் போட்டுப் பாடட்டும். கட்டியவர் என்று அவருக்குரிய காசையும் பேசி வாங்குங்கள். பழைய பாட்டுகளை அவர் வாயால் சொல்லச் சொல்லி இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பாசம் போகவில்லை

கடைசியாகக் கேட்டதுதான் உங்களை அரிக்கும் கேள்வி என்று தெரிகிறது. அம்மா அழும்போது வார்த்தை என்ன? "ஒண்ணுமில்ல, நீ சாப்டு" என்பதாகத்தான் இருக்கும். அழுகை இருப்பது குரலின் ஏற்ற இறக்கத்தில். கோபமும் கெஞ்சலும் கிண்டலும் அங்கேதான் இருக்கின்றன. அந்த ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறதும் பெரும்பாலும் அதே வலப்பக்கம்தான். உங்கள் அப்பாவுக்கு அம்மா சொன்ன வார்த்தை போய்ச் சேர்ந்தது, அம்மாவின் குரல் போய்ச் சேரவில்லை. ஒண்ணுமில்லை என்று அவள் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருக்கிறார். இன்னொன்றும் இருக்கலாம்: அவர் மனதுக்குள் உருகினாலும் அவர் குரல் தட்டையாகவே வெளியே வரும். அதைக் கேட்டு நீங்கள், மனுஷன் மரத்துப்போய்விட்டார் என்று எடுத்துக்கொள்வீர்கள்.

மான்ட்ரியலில் ஒரு பெண்மணிக்கு மூளையின் இரண்டு பக்கமும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எந்த மெட்டும் அடையாளம் தெரியாமல் போனது. தப்பான சுருதி வந்தால்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அதே இசை சந்தோஷமானதா சோகமானதா என்று மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். அடையாளம் தெரிவது வேறு, மனம் அசைவது வேறு. ஒன்று போனால் மற்றதும் போயிற்று என்று முடிவு கட்ட வேண்டாம்.

அதனால் வீட்டில் பேசும் முறையை மாற்றுங்கள். குரலில் வைப்பதை வார்த்தையில் வையுங்கள். "நைனா, எனக்குக் கோவம். நீ சொல்லாம வண்டி எடுத்துனு போனதுக்கு." "எனக்கு அழுகையா வருது, பக்கத்துல உக்காரு." அம்மாவிடமும் இப்படியே சொல்லச் சொல்லுங்கள். அவர் இருக்கும் அறைக்கு வந்து, வலப்பக்கமாக நின்று, விளக்கு முகத்தில் விழும்படி பேசுங்கள். முகத்தைப் பார்த்து அவர் புரிந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. அடுத்த அறையிலிருந்து கத்தாதீர்கள். கிண்டலைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளுங்கள், அவர் அதை நேர் அர்த்தத்தில் எடுத்துக் காயப்படுவார். போன் வந்தால் அழைப்பவர் பெயரைச் சொல்லும் வசதியைச் செல்போனில் போட்டு, அதிர்வையும் சேர்த்து வையுங்கள். அவரையும் கேளுங்கள்: "இப்ப உனக்கு இன்னா தோணுது, வாயால சொல்லு நைனா." முதலில் கூச்சப்படுவார். இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டு, 'சாப்டியா நைனா' சோதனையை மறுபடி செய்து பாருங்கள். ஒரு முறை முகத்தை மறைத்து, ஒரு முறை முகம் தெரிய. இரண்டு கணக்கையும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.